பொருள் எல்லாம் இருந்தால் உயிர் வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பென்னு என்ற சிறுகோளைப் பற்றி வந்த கட்டுரையையும், அதை மறுத்து அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். கட்டுரைக்கு நீங்கள் வைத்த தலைப்பு, ‘உயிர் விண்ணிலிருந்துதான் வந்தது: விஞ்ஞானிகள் உறுதி’. மறுப்புக் கடிதத்தின் சாரம், ‘உயிரற்றதிலிருந்து உயிர் வராது என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எப்போதோ நிரூபித்துவிட்டார், ஆகவே இதெல்லாம் கட்டுக்கதை’. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுரை கையில் இருப்பதற்கு மேல் பேசுகிறது. கடிதமோ பாஸ்டர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கிறது.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் சத்துக் கலவையை (ஊடகம் என்போம்) தயாரித்து, கிருமி நீக்கி, தட்டில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரமே பாஸ்டர் காட்டிய ஒரு விஷயம்தான்: நன்றாகக் கொதிக்க வைத்துத் தூசி படாமல் காத்த சாற்றில் தானாக எதுவும் முளைக்காது. முளைத்தால், யாரோ ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். அவர் பெயரை வைத்து ஒருவர் வாதாடும்போது சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகத்தான் போகும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் மேலே உள்ள வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

1859 வாக்கில் பாஸ்டர் செய்தது இதுதான். ஈஸ்ட் சாறும் சர்க்கரையும் கலந்த நீரை ஒரு குடுவையில் ஊற்றி, அதன் கழுத்தைச் சூடாக்கி அன்னத்தின் கழுத்தைப் போல நீளமாக வளைத்தார். பிறகு கொதிக்க வைத்தார். கழுத்து திறந்தே இருந்ததால் காற்று உள்ளே போகும். ஆனால் காற்றில் வரும் தூசி வளைவிலேயே தங்கிவிடும். நீர் தெளிவாகவே கிடந்தது. குடுவையைச் சாய்த்து, வளைவில் தங்கிய தூசியை நீர் தொட்டுவிட்டு வரும்படி செய்தால் சில நாளில் கலங்கிப் போனது. முளைத்தது சாற்றிலிருந்து இல்லை, தூசியில் ஒட்டி வந்த கிருமியிலிருந்து. எளிமையான, அழகான சோதனை.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பாஸ்டரை எதிர்த்து நின்ற பூஷே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்தார். அதில் உயிர் வந்தது. அவர் ஏமாற்றவில்லை. வைக்கோலில் இருக்கும் பேசில்லஸ் என்ற ஒரு வகைப் பாக்டீரியா, கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்தாக மாறிக் கொதிநீரையும் தாங்கிவிடும். இந்த விவரம் தெளிவாக 1870களில் ஃபெர்டினாண்ட் கோனும் ஜான் டிண்டலும் வரவேண்டியிருந்தது. பாஸ்டரும் ஈஸ்ட் சாற்றுக்குப் பதில் வைக்கோல் நீரை எடுத்திருந்தால் சரித்திரம் கொஞ்சம் தடுமாறியிருக்கும். இன்று நாங்கள் வெறும் கொதிநீரை நம்பாமல் ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைப்பது இந்த வித்துகளுக்குப் பயந்துதான். ஆட்டோகிளேவே சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சூட்டுக்குச் சளைக்காத வித்துகள் அடங்கிய சின்னக் குப்பி ஒன்றையும் உள்ளே வைப்போம். பிறகு அதை எடுத்து 55 முதல் 60 டிகிரிச் சூட்டில் வைப்போம். எல்லா வித்தும் செத்திருந்தால் குப்பியில் உள்ள திரவம் ஊதாவாகவே இருக்கும். பிழைத்தது ஏதாவது இருந்தால் பெருகி, அமிலத்தை விட்டு, திரவத்தை மஞ்சளாக்கிவிடும்.

ஆக, பாஸ்டரை நான் தினமும் சோதித்துப் பார்க்கிறேன் என்றே சொல்லலாம். அவர் காட்டியது என்ன? இன்றைய பாக்டீரியாவும் பூஞ்சையும் கொதிக்க வைத்த சாற்றில் சில நாள், சில மாதங்களில் தானாகத் தோன்றுவதில்லை என்பது. ஆக்சிஜன் இல்லாத காற்றின் கீழே, எரிமலையும் மின்னலும் கடலடி ஊற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் வேலை செய்த ஒரு கோளில் என்ன நடந்திருக்கும் என்று அந்தக் குடுவையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்வது பாஸ்டருக்கே நியாயமில்லை.

‘அப்படியானால் இப்போது ஏன் புதிதாக உயிர் தோன்றுவதில்லை?’ என்று கடிதக்காரர் கேட்கிறார். நல்ல கேள்வி. இதற்கு 1871லேயே டார்வின் பதில் எழுதி வைத்திருக்கிறார். நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய தனிப்பட்ட கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையில் அம்மோனியா, பாஸ்பேட் உப்புகள், ஒளி, வெப்பம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஒரு புரதச் சேர்மம் உருவாவதாகக் கற்பனை செய்கிறார். இன்று அப்படி ஒன்று உருவானால் உடனே ஏதாவது ஓர் உயிர் அதைத் தின்று தீர்த்துவிடும், உயிர்களே இல்லாத காலத்தில் அந்தத் தொல்லை இல்லை என்கிறார். இதை எனக்கு யாரும் விளக்கவே வேண்டாம். மூடாமல் விட்ட, கிருமி வளர்க்கும் அகார் தட்டு ஒன்று மறுநாள் என்ன ஆகும் என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். சத்துள்ள எதையும் இந்த உலகம் சும்மா விட்டுவைப்பதில்லை. போதாததற்கு, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கிய ஆக்சிஜன் வேறு. அதுவும் இப்படிப்பட்ட சேர்மங்களைச் சிதைக்கத்தான் பார்க்கும்.

இப்போது கட்டுரை. இங்கேதான் எனக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்த வளர்ப்புகளைக் கொட்டுவதற்கு முன் அவற்றையும் நாங்கள் ஆட்டோகிளேவில் போடுவோம். நன்றாக வளர்ந்த குழம்பு உள்ளே போகும்போது ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி பாக்டீரியா என்பது சாதாரணம். வெளியே வரும்போது எல்லாம் பிணம். ஆனால் பொருள் எங்கும் போய்விடவில்லை. அமினோ அமிலம், டி.என்.ஏ. துண்டு, கொழுப்பு, பாஸ்பேட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை என்று எல்லாம் அதே குழாயில்தான் இருக்கின்றன. உயிருக்கு வேண்டிய அதே விகிதத்தில், அதே வடிவத்தில் இருக்கின்றன. பென்னுவில் கிடைத்ததைவிட எத்தனையோ மடங்கு வளமான சரக்கு அது. ஆனாலும் அந்தக் குழாயை மூடி எத்தனை வருஷம் அலமாரியில் வைத்தாலும் எழுந்திருக்காது. பொருள் இருப்பது வேறு, அந்தப் பொருள் வழியாக ஆற்றல் ஓடிக்கொண்டே இருப்பது வேறு. உயிரின் தோற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் கஷ்டமான பகுதி முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது. உங்கள் கட்டுரை முதலாவதோடு நின்றுவிட்டது.

பென்னுவில் கிடைத்தது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னுவிலிருந்து 2023 செப்டம்பர் 24 அன்று கொண்டுவந்து இறக்கிய மண் 121.6 கிராம். 2025 ஜனவரியில் வெளியான ஆய்வுகளின்படி, உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ.வுக்கும் அதன் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ.வுக்கும் எழுத்துகளான ஐந்து நைட்ரஜன் காரங்களும் இருந்தன. அம்மோனியா ஏராளம். உப்பு நீர் மெல்ல வற்றியதால் படிந்த உப்புகளும் இருந்தன. இதையெல்லாம் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வகையாக இருக்கும். நம் உடம்புப் புரதங்கள் இடக்கை வகையை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சரிசமமாகக் கிடந்தன. அதாவது அங்கே நடந்தது சாதாரண வேதியியல். உயிர் அல்ல, உயிரின் எச்சமும் அல்ல. விஞ்ஞானிகள் உறுதி செய்தது இதைத்தான்.

விண்ணிலிருந்து அமினோ அமிலம் வருவதும் புதிய சேதி இல்லை. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லை ஆராய்ந்து அடுத்த ஆண்டே அதைக் காட்டிய குழுவில் சிரில் பொன்னம்பெருமா இருந்தார். இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, அப்புறம் வேதியியலுக்குப் போனவர். உயிரைப் பற்றிக் கேள்வி கேட்கத் தத்துவத்திலிருந்து வந்தது பொருத்தம்தான். ‘கல்லைத் தொட்டவர்களின் கைவியர்வையில் இருந்து வந்த அமினோ அமிலமாக இருக்கும்’ என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, பூமியின் உயிர்ப் புரதங்களில் வராத அமினோ அமிலங்களையும் அதில் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். மாசு கலந்துவிட்டதோ என்ற பயத்திலேயே நாளை ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வாதத்தின் அருமை தெரியும்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தின் கீழே ‘1953இல் குடுவையில் உயிரை உருவாக்கிய ஸ்டான்லி மில்லர்’ என்று இருந்தது. இதை மட்டும் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். மில்லர் உயிரை உருவாக்கவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹரால்டு யூரியிடம் ஆராய்ச்சி மாணவர், அப்போது வயது 22, 23. அதற்கு முன்பே 1924இல் ரஷ்யாவின் ஓபாரினும், 1929இல் இங்கிலாந்தின் ஹால்டேனும், ஆக்சிஜன் இல்லாத ஆதிக் காற்றில் கரிமச் சேர்மங்கள் தாமாக உருவாகிக் கடலில் சேர்ந்திருக்கும் என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். (இந்த ஹால்டேன்தான் பிறகு இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர்.) எழுதினார்களே தவிர யாரும் செய்து பார்க்கவில்லை. மில்லர் செய்து பார்த்தார். கீழே ஒரு குடுவையில் தண்ணீர் கொதிக்கிறது. மேலே இன்னொரு குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களின் நடுவே மின்பொறி தெறிக்கிறது. நீராவி மேலே போய், குளிர்ந்து, மறுபடி கீழே வருகிறது. ஒரு நாளில் நீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் அடர்சிவப்பாகிக் கலங்கிப் போனது. அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் இருந்தன. 1953 மே 15 அன்று கட்டுரை வெளியானது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை வெளியிட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கலங்கிய நீர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் வரும் சந்தேகம் என்ன? பாக்டீரியா. மற்றவர்களுக்கும் அதே சந்தேகம் வந்தது. அதற்கு மில்லர் கொடுத்த பதில் எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம். கருவி முழுவதையும் மூடிய நிலையில் 18 மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்துவிட்டு, அதன் பிறகு மின்பொறியை ஓட்டிக் காட்டினார். 15 நிமிடம் போதும் என்கிற இடத்தில் 18 மணி நேரம்! அப்புறமும் அதே அமினோ அமிலங்கள் வந்தன. பாஸ்டரின் கண்டிப்பை அப்படியே எடுத்துக்கொண்டுதான் மில்லர் இதைச் செய்தார். கடிதக்காரர் நினைப்பதுபோல இருவரும் எதிரெதிர் அணி இல்லை.

மில்லரின் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. ஆதிக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, பெரும்பாலும் கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் என்ற கருத்து பின்னால் வலுத்தது. அந்தக் கலவையில் விளைச்சல் குறைவு. இன்னொரு வேடிக்கை 2021இல் தெரிந்தது. அதே சோதனையைக் கண்ணாடிக் குடுவையிலும் டெஃப்லான் பாத்திரத்திலும் செய்து பார்த்தபோது, கண்ணாடியில்தான் சேர்மங்கள் அதிக வகையாகவும் அதிக அளவிலும் வந்தன. காரம் நிறைந்த நீர் கண்ணாடியைக் கொஞ்சம் கரைக்க, அந்தச் சிலிக்கா வினைகளுக்குக் கைகொடுத்திருக்கிறது. பாத்திரமும் சோதனையில் ஒரு பங்காளி! ஆதிபூமியின் பாத்திரமும் சிலிக்கா நிறைந்த பாறைதானே. மில்லர் 2007இல் இறந்த பிறகு, அவர் பெயரெழுதி எடுத்து வைத்திருந்த பழைய குப்பிகளை அவர் மாணவர் ஜெஃப்ரி பாடாவின் குழு எடுத்து நவீனக் கருவிகளில் சோதித்தது. எரிமலைப் புகை போல நீராவியைப் பீய்ச்சும் ஒரு மாதிரியில் 22 அமினோ அமிலங்கள் கிடைத்தன. குப்பிக்கு ஒழுங்காக லேபிள் ஒட்டி வைத்தால் ஐம்பது வருஷம் கழித்தும் பயன்படும் என்று எங்கள் பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது.

சரி, சரக்குக்குப் பஞ்சமில்லை. குடுவையில் வருகிறது, விண்கல்லில் வருகிறது. அடுத்த முடிச்சு? இன்றைய செல்லில் புரதம் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கப் புரதம் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை என்றால் எது முதலில் வந்தது? இங்கேதான் ஆர்.என்.ஏ. உள்ளே வருகிறது. அது குறிப்பையும் தாங்கும், புரதம் போல வேதிவினைகளை நடத்தும் வேலையும் செய்யும் என்று 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் காட்டினார்கள். 1989இல் நோபல். ‘ஆர்.என்.ஏ. உலகம்’ என்ற பெயரை 1986இல் வால்ட்டர் கில்பர்ட் வைத்தார். இதற்கு நம் ஒவ்வொருவர் செல்லிலும் ஒரு சாட்சி இருக்கிறது. புரதம் கட்டும் ரைபோசோமின் கட்டமைப்பு 2000ஆம் ஆண்டு வாக்கில் தெளிவானபோது, அமினோ அமிலங்களைக் கோத்துப் பிணைக்கும் அதன் மைய இடத்தில் புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.தான் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த வேலைக்கு 2009இல் நோபல் பெற்ற மூவரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர் என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அவர் கையில் எடுத்தது உயிரின் தொடக்ககாலச் சாட்சியும்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

ஆர்.என்.ஏ. தானாக எப்படி உருவாகும் என்பது அடுத்த தலைவலி. அதன் முதுகெலும்பான ரைபோஸ் சர்க்கரை சீக்கிரம் சிதைந்துவிடும். எழுத்தான நைட்ரஜன் காரத்தைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் செய்து ஒட்ட முயன்றவர்கள் பல வருஷம் திண்டாடினார்கள். 2009இல் ஜான் சதர்லாந்தின் குழு வேறு வழியில் போனது. இரண்டையும் தனித்தனியாகச் செய்யாமல், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடைச் சேர்மத்தின் வழியாக, ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் இரண்டைச் செய்து காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு படியிலும் சரியான நேரத்தில் சரியான பொருளை மனிதக் கை சேர்த்தது. குட்டையில் அதை யார் செய்தது என்ற விமர்சனம் இன்னும் நிற்கிறது. நியாயமான விமர்சனம்.

கடிதக்காரர் கணக்கு ஒன்றும் போட்டிருந்தார். 100 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதம் தற்செயலாகச் சரியாக அமைய, 20ஐ 100 முறை பெருக்கி வரும் எண்ணிக்கையில் ஒரு வாய்ப்புதான், ஆகவே நடக்காது என்று. பெருக்கல் சரி. ஆனால் ஒரே வீச்சில் முழுப் புரதம் வந்து விழுந்தது என்று இந்தத் துறையில் யாரும் சொல்வதில்லை. நகலெடுக்கும் ஏதோ ஒன்று வந்துவிட்டால், நகலில் பிழை வரும், பிழைகளில் நன்றாக ஓடுவது மிஞ்சும். இதை 1967இல் சோல் ஸ்பீகல்மன் சோதனைக்குழாயிலேயே காட்டிவிட்டார். ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ., அதை நகலெடுக்கும் நொதி, கொஞ்சம் மூலப்பொருள், இவ்வளவுதான். சிறிது நேரம் கழித்துக் கொஞ்சம் எடுத்துப் புதுக் குழாய்க்கு மாற்றினார், அதிலிருந்து இன்னொன்றுக்கு. நாங்கள் வளர்ப்புகளை மாற்றுவதும் இப்படித்தான். 74 மாற்றங்களுக்குப் பிறகு அந்த ஆர்.என்.ஏ. தன் அசல் நீளத்தில் 17 சதவீதத்துக்குச் சுருங்கி, முன்பைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. வைரஸாக இருக்கத் தேவையானதை எல்லாம் உதறிவிட்டு, நகலாவது ஒன்றே வேலை என்று ஆகிவிட்டது. செல் இல்லை, உயிர் என்றும் சொல்ல முடியாது, ஆனாலும் தேர்வு நடந்தது. நொதியை அவர் வெளியிலிருந்து கொடுத்தார் என்பது உண்மை. 2009இல் லிங்கன், ஜாய்ஸ் இருவரும் புரத நொதி எதுவும் இல்லாமல், ஒன்றையொன்று உருவாக்கிப் பெருகும் ஆர்.என்.ஏ. ஜோடியைச் செய்தார்கள். அதற்கும் துண்டுகளைத் தயார் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது ஆற்றல் எங்கே ஓடியது என்ற கேள்வி. இதில் இரண்டு அணிகள் இருக்கின்றன. ஒன்று கடலடியை நம்புகிறது. 2000 டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் ‘லாஸ்ட் சிட்டி’ என்று பெயரிட்ட ஊற்றுக்கூட்டத்தைக் கண்டார்கள். 60 மீட்டர் வரை உயர்ந்த வெள்ளைத் தூண்கள், 40 முதல் 90 டிகிரி வரை வெதுவெதுப்பான, காரத்தன்மை மிக்க நீர், ஹைட்ரஜன் வாயு. இப்படிப்பட்ட கார ஊற்றுகள் உயிரின் தொட்டிலாக இருந்திருக்கலாம் என்று மைக்கேல் ரசல் அதற்கு முன்பே எழுதியிருந்தார். அவர் வாதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்: ஊற்றின் உள்ளே காரம், வெளியே ஆதிக் கடலில் சற்று அமிலம், நடுவே நுண்துளைகள் நிறைந்த மெல்லிய கனிமச் சுவர். அதாவது சுவரின் இரு பக்கமும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) அளவில் வித்தியாசம். நம் செல்களும், நான் தட்டில் வளர்க்கும் பாக்டீரியாவும் ஆற்றல் எடுப்பது இதே வித்தியாசத்தை ஒரு சவ்வின் இரு பக்கமும் உண்டாக்கித்தான். பீட்டர் மிட்செல் இதை 1961இல் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு, 1978இல் நோபல் கொடுத்தார்கள். உயிர் தானே செய்துகொள்ளும் அந்த வித்தியாசம் அந்தப் பாறையில் இலவசமாகக் கிடைக்கிறது. என் ஆட்டோகிளேவிலிருந்து வரும் பிணக்குழம்பில் இல்லாதது இதுதான்.

எதிரணி தரையில் இருக்கும் வெந்நீர்க் குட்டைகளை நம்புகிறது. கடலில் எல்லாம் நீர்த்துப் போய்விடுமே, பெரிய மூலக்கூறுகளைத் தண்ணீரே உடைத்துவிடுமே என்பது அவர்கள் கேள்வி. குட்டை காயும், நனையும், மறுபடி காயும். காயும்போது மூலக்கூறுகள் நெருங்கி இணையும், நனையும்போது கொழுப்பு அமிலங்கள் தாமாகவே குமிழ்களாகி அவற்றை உள்ளே பிடித்துக்கொள்ளும். டேவிட் டீமர் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். சொல்வதோடு நிற்காமல், ரஷ்யாவின் கம்சட்கா எரிமலைப் பகுதியில் நிஜமான ஒரு வெந்நீர்க் குட்டையில் கலவையைக் கொண்டுபோய் ஊற்றியும் பார்த்தார். சில மணி நேரத்தில் களிமண் பெரும்பாலானதை உறிஞ்சிக்கொண்டது. அவர் விரும்பிய முடிவு இல்லை, அப்படியே எழுதி வெளியிட்டார். 2006இல் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் சுதா ராஜமணியும் ஒருவர், இப்போது புனேயில் உள்ள ஐசர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் இதே துறையில் இருக்கிறார். தான் ஆதரிக்கும் கருத்துக்கு எதிராகப் போன முடிவைத் தானே அச்சில் போடும் ஒருவரை எனக்கு நம்பத் தோன்றுகிறது.

எந்த அணி ஜெயிக்கும் என்று என்னைக் கேட்டால், புரோட்டான் வாதத்துக்காகக் கடலடிப் பக்கம் சாய்வேன். ஆனால் கடல் நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் எளிய கொழுப்புக் குமிழ்களை உடைத்துவிடும் என்பதை ஒதுக்கவும் முடியவில்லை.

உயிரே விண்ணிலிருந்து வித்தாக வந்தது என்பது வேறு கதை. 1903இல் ஸ்வீடனின் அரேனியஸ் அதைச் சொன்னார். டெய்னோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைத் திரட்டாக விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வைத்தபோது மூன்று ஆண்டுகள் கழித்தும் சில பிழைத்திருந்தன என்று ஜப்பானியக் குழு 2020இல் காட்டியது. ஆக, பயணம் சாத்தியமாக இருக்கலாம். ஆனால் புறப்பட்ட இடத்தில் அது எப்படித் தோன்றியது? கேள்வி முகவரி மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, ‘ஆய்வகத்தில் செய்து காட்டட்டும், நம்புகிறேன்’ என்று கடிதக்காரர் சவால் விட்டிருந்தார். செய்து காட்டுவது எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு. கிரெய்க் வென்ட்டரின் குழு 2016இல், தனியாக வாழ்ந்து பெருகக்கூடிய ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தது. 473இல் வந்து நின்றது. அதில் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. மிக எளிய செல்லே இப்படி என்றால், அதற்கு முன்னால் எத்தனையோ படிகள் இருந்திருக்க வேண்டும். நாளைக்கே ஒருவர் எல்லாப் படிகளையும் செய்து காட்டினாலும், அது நடக்கக்கூடிய ஒரு வழி என்றுதான் ஆகும். நடந்த வழி அதுதானா என்பதைப் பாறைதான் சொல்ல வேண்டும்.

பாறையோ கஞ்சம். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான பாறைகளுக்கு வயது சுமார் 348 கோடி. அதைவிடப் பழைய சான்று என்று கிரீன்லாந்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சொல்லப்படுபவை எல்லாம் இன்னும் சண்டையில் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தின் பாறைகளைப் பூமியே உருக்கியும் நசுக்கியும் அழித்துவிட்டது. செவ்வாயில் பூமியைப் போல நிலத்தட்டுகள் நகர்வதில்லை, அந்தக் காலத்துப் பாறைகள் அங்கே நிறையவே மிஞ்சியிருக்கின்றன. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசரோ பள்ளத்தில் புள்ளிகள் நிறைந்த ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அந்தப் புள்ளிகளில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் இருப்பதற்கான அறிகுறி உண்டு. பூமியில் அவை பெரும்பாலும் நுண்ணுயிர் வேலையோடு சேர்ந்து வருபவை. உயிரில்லாமலும் வரலாம் என்பதையும் 2025 செப்டம்பரில் வெளியான கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மாதிரி அடங்கிய குழாய் இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுவரும் திட்டம் பணச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. அது ஏன் இவ்வளவு செலவாகிறது, கொண்டுவந்தால் பூமியின் கிருமி அதில் கலக்காமல் எப்படித் திறப்பார்கள் என்பதைப் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு கட்டுரை போடுங்கள். எங்கள் ஆய்வக அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்